பந்தல் இல்லாத திராட்சை

எங்கள் வாசகர் வட்டத்தில் மொத்தம் நான்கே பேர். நானும் என் மனைவியும், நண்பரும் அவர் மனைவியும். லண்டனின் தெற்கு விளிம்பில் பத்து நிமிட நடையில் இருக்கும் இரண்டு வீடுகளில் மாறி மாறிக் கூடுவோம். மாதம் ஒரு நாவல், ஆண்டுக்கு ஒரு பயணம். பயணம் என்றால் அது ஏதாவது ஓர் எழுத்தாளரின் வீடாகத்தான் இருக்கும். பிராண்டி சகோதரிகளின் ஹாவர்த் பார்த்தாயிற்று, ஹார்டியின் டார்செஸ்டர் பார்த்தாயிற்று. சென்ற ஆண்டு நண்பர் சொன்னார்: "இந்த முறை எழுத்தாளர்கள் ஓய்வெடுக்கட்டும். திராட்சைத் தோட்டங்களுக்குப் போவோம். கென்ட் பக்கம் நிறைய இருக்கின்றன. நீங்கள் கம்பத்துக்காரர், திட்டம் போடும் பொறுப்பு உங்களுடையது."

கம்பத்துக்காரன் என்பதனால் எனக்குத் திராட்சை தெரியும் என்று அவர் நினைத்தார். தெரியும்தான். ஆனால் அவர் நினைத்த விதத்தில் அல்ல. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. கென்ட் மாவட்டத்தின் தெற்கில் இருக்கும் டென்டர்டன் ஒரு பழைய சந்தை ஊர். பன்றி மேய்க்கும் காடாக இருந்து ஊரானது. தானெட் பகுதி மக்களின் மேய்ச்சல் காடு என்பதுதான் அந்தப் பெயரின் பொருளே. பின்னர் ஆட்டு ரோமத்தால் செழித்து, 1449ல் ஆறாம் ஹென்றியிடமிருந்து சாசனம் பெற்றது. அகன்ற பெருந்தெரு, இரு ஓரமும் புல்விளிம்பு, வெள்ளைப் பலகை அடித்த வீடுகள். அங்கே தங்கிக்கொண்டால் நாலாபுறமும் தோட்டங்கள். தெற்கே சுமார் இரண்டரை மைலில் ஸ்மால்ஹைத். அங்கே 1977ல் ஸ்டீபன் ஸ்கெல்டன் நட்ட கொடிகளின் வழிவந்ததுதான் இன்றைய சேப்பல் டவுன் நிறுவனத்தின் டென்டர்டன் தோட்டம். வடமேற்கே சுமார் ஐந்து மைலில் பிடென்டன். ஆப்பிள் விளைந்த நிலத்தில் 1969ல் கொடி நட்ட குடும்பத்தின் தோட்டம், கென்ட்டில் வணிகத்துக்கென்று தொடங்கியவற்றில் மிகப் பழையது. கிழக்கே ஆப்பிள்டோரில் கஸ்போர்ன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் 2004ல் கொடி நட்ட இடம்.

எக்செல் தாளில் கட்டம் போட்டேன். சனிக்கிழமை காலை பிடென்டன், மதியம் ஸ்மால்ஹைத். ஞாயிறு காலை ஆப்பிள்டோர், மதியம் நீராவி ரயில். டென்டர்டனிலிருந்து போடியம் கோட்டை வரை போகும் அந்த ரயில் 1900ல் தொடங்கி, 1961ல் முழுதும் மூடப்பட்டு, ஆர்வலர்களால் 1974ல் மறுபடி உயிர்பெற்றது. நண்பர் தாளைப் பார்த்துவிட்டு, எழுத்தாளர்களுக்கு ஓய்வு என்று தான் சொன்னதையே மறந்து, ஓரத்தில் குறிப்புகள் சேர்த்தார். ஸ்மால்ஹைத்தில் நடிகை எல்லன் டெரி 1899 முதல் 1928ல் இறக்கும்வரை வைத்திருந்த மரச்சட்ட வீடு இருக்கிறது. ரை நகரில் ஹென்றி ஜேம்ஸின் வீடு இருக்கிறது. கென்ட்டில்தான் ஜார்ஜ் ஆர்வெல் 1931ல் ஹாப்ஸ் பறிக்கும் கூலியாக வேலை செய்தார். இப்படியே போனால் திராட்சைக்கு இடமிருக்காது என்று நான் பாதியை அழித்தேன்.

திட்டமிடுவதில் நிஜமான சிக்கல் ஒன்றுதான். கார் ஓட்டுபவர் யார்? ஒரு தோட்டத்துக்கு நான்கைந்து ஒயின்களை ஊற்றித் தருவார்கள், ஒவ்வொன்றும் சிறு அளவுதான் என்றாலும் மூன்று தோட்டங்கள் சேர்ந்தால் கணக்கு ஏறிவிடும். இங்கிலாந்தில் 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது, ஸ்காட்லாந்தில் 50தான். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். தேர்ந்த சுவைஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். என்றாலும் ஓட்டுபவர் சுவைக்காமலே இருப்பதுதான் நிம்மதி. சனிக்கிழமை நான், ஞாயிறு நண்பர் என்று முடிவாயிற்று.

இங்கிலாந்தில் திராட்சையா என்று கேட்காத நம்மவர்கள் இல்லை. 1086ன் டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே திராட்சைத் தோட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. 1662ல் கிறிஸ்டோபர் மெரட் என்ற மருத்துவர், ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைக்கும் முறையைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். பிறகு நீண்ட இடைவெளி. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1952ல், ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டனில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வணிகத்துக்காகக் கொடி நட்டபோது அது ஒரு கிறுக்குத்தனமாகவே பார்க்கப்பட்டது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் திராட்சை இருக்கிறது. ஷாம்பெயின் பகுதியின் சுண்ணாம்பு நிலம் கடலுக்கடியில் வந்து இந்தப் பக்கம் மேலெழுகிறது. கோடையும் முன்னைவிடச் சூடாகிவிட்டது. பிரெஞ்சு நிறுவனமான டெட்டாங்ஷேயே கென்ட்டின் சில்ஹமில் நிலம் வாங்கி 2017ல் கொடி நட்டது. உலகம் வெப்பமாவதில் லாபம் அடைபவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் என் அம்மா எங்களோடு இருந்தாள். பிப்ரவரியில் ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். எழுபத்தெட்டு வயது. இங்கிலாந்தில் அவள் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்று, பென்னிகுவிக்கின் கல்லறை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1895ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த அந்தப் பொறியாளரின் படம் எங்கள் பக்கத்து வீடுகளில் சாமிப் படங்களோடு மாட்டப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பார்கள். சர்ரே மாவட்டத்தின் ஃப்ரிம்லியில் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில் அவர் அடக்கமாகியிருக்கிறார். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நெடுநேரம் நின்றாள். திரும்பும்போது காரில் கேட்டாள்: "ஏப்பா, நம்ம கொடிக்கெல்லாம் தண்ணி குடுத்த மனுசன். அவுக ஊருல கொடி இருக்கா?"

"இருக்கும்மா. அடுத்த மாசம் பாக்கத்தான் போறோம்" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

"திராட்சத் தோட்டமா? அப்ப நானும் வாரேன்."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் 'திராட்சைத் தோட்டம்' என்று சொன்னேனே தவிர ஒயின் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த திராட்சை பன்னீர்த் திராட்சை. பந்தலில் தொங்கும், கூடையில் அடுக்கப்படும், லாரியில் கேரளாவுக்கும் மதுரைக்கும் போகும், ஜனங்கள் தின்பார்கள். அதில் வேறெதுவும் செய்யலாம் என்பது அவள் உலகத்தில் இல்லை. அந்த வேறெதுவும் வேறு வழியில் எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது.

சுருளிப்பட்டிச் சாலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. கல் தூண் நட்டு, கம்பி இழுத்த பந்தல். அப்பா நல்ல விவசாயி என்றுதான் இன்றும் ஊரில் சொல்வார்கள். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அவர் மருந்தடித்துவிட்டு வரும் நாட்களில் கைகள் முழங்கை வரை நீலமாக இருக்கும். நாங்கள் போர்டோ கலவை என்று சொன்ன அந்த மருந்தின் பெயர் பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் பிரதேசமான போர்டோவிலிருந்து வந்தது என்பதை லண்டன் வந்த பிறகுதான் அறிந்தேன். சாலையோரக் கொடிகளில் திருடர்கள் கைவைக்காமலிருக்க அங்கே தெளித்த நீலக் கலவை, நோயையும் தடுப்பதை 1880களில் கண்டுபிடித்தார்கள். அப்பாவுக்கு ஒயின் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் குடித்தது சாராயம். 1984ல் தோட்டம் கைமாறியது. 1991ல் அவர் ஈரல் கெட்டு இறந்தார். இடையிலிருந்த ஏழு ஆண்டுகளும் அம்மா கூலிக்குத் திராட்சை வெட்டப் போனாள். சில நாட்களில் அந்த ஒன்றரை ஏக்கரிலேயே வெட்டினாள். நான் படித்தது அந்தக் கூலியில்.

நான் இங்கே வந்த பத்தாவது ஆண்டில் ஒயின் அருந்தத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை இரவு ஒரு கோப்பை, வாசகர் வட்டம் கூடும் நாளில் இரண்டு. இதில் குற்றம் ஏதுமில்லை என்று அறிவு சொல்லும். நண்பர் இன்னும் ஒருபடி மேலே போவார். புறநானூற்றில் யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் பாடவில்லையா, அரிக்கமேட்டில் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகள் கிடைக்கவில்லையா என்பார். தேறல், நறவு, மட்டு என்று எத்தனை சொற்கள் நம்மிடம்! உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே சொல். 'குடி.' குடும்பத்துக்கும் குடிமக்களுக்கும் அதே சொல்தான் என்பதை நினைத்தால் மொழியின் குரூரம் புரியும். அம்மா விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் நான் சமையலறை அலமாரியிலிருந்த புட்டிகளை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கராஜில் பழைய மெத்தைக்குப் பின்னால் வைத்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவன் செய்யும் காரியமல்ல அது.

திட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். அம்மாவை ரயிலில் ஏற்றிவிட்டு நாங்கள் சுவைக்கப் போவது. அல்லது தோட்டத்தை மட்டும் காட்டிவிட்டுச் சுவைக்கும் அறைக்குப் போகாமல் திரும்புவது. எந்தக் கட்டத்தில் எதை மாற்றினாலும் ஒரு பொய் மிச்சமிருந்தது. என் மனைவி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல அத்தைகிட்ட சொல்றதுக்கு ஒரு கட்டம் போடலையே" என்றாள்.

பயணத்துக்கு நான்கு நாட்களுக்கு முன், அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்தேன். "அம்மா, நாம பாக்கப் போற தோட்டத்துல திராட்சைய ஒயினாக்குவாக. ஒயின்னா அதுவும் குடிதான். நானும் குடிக்கிறேன், எப்பவாச்சும். ஒனக்குத் தெரியாம மறச்சு வச்சிருக்கேன்" என்றேன். இதைச் சொல்லும்போது நான் பள்ளிச் சிறுவனைப்போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கராசுல மெத்தைக்குப் பின்னால இருக்குற பெட்டிதான? வந்த மொத வாரமே பாத்துட்டேன். பதினோரு புட்டி இருந்துச்சு. இப்ப எட்டு இருக்கு."

நான் பேசாமலிருந்தேன்.

"ரெண்டு மாசத்துக்கு மூணு. தெனம் போயி எண்ணிட்டு வருவேன். என்ன செய்யச் சொல்ற, எண்ணுறது எனக்குப் பழகிப்போச்சு. ஒங்கப்பாவுக்கும் எண்ணுனேன். எண்ணி என்ன கண்டேன்?" கீரைத்தண்டுகளை ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள். "தோட்டத்துக்கு வாரேன்னு சொன்னது சொன்னதுதான்."

தாளை மறுபடி போட்டேன். மூன்று தோட்டங்கள் ஒன்றாகின. இரண்டு நாளும் நானே ஓட்டுவது என்று ஆயிற்று. நண்பர் முணுமுணுக்காமல் ஒப்புக்கொண்டார். அம்மா ஒன்று கேட்டிருந்தாள். நம்ம பன்னீர்த் திராட்சை இங்கே இருக்குமா என்று. தேடிப் பார்த்ததில் எனக்கே வியப்பு. பன்னீர்த் திராட்சை எனப்படுவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் பெற்றோரில் ஒன்றான பிளாக் ஹாம்பர்க் ரகத்தைச் சேர்ந்ததுதான் லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768ல் நடப்பட்டு இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற கொடி. ஆனால் அது வெயில் போதாததால் கண்ணாடி வீட்டுக்குள் வளர்கிறது. "அப்ப நம்ம கொடிக்குப் பாட்டி இங்கன இருக்கா, வீட்டுக்குள்ளயே" என்றாள் அம்மா.

சனிக்கிழமை நல்ல வெயில், காற்று மட்டும் குளிர்ந்திருந்தது. ஸ்மால்ஹைத் ஒரு காலத்தில் துறைமுகம். ஐந்தாம் ஹென்றியின் காலத்தில் அரச கப்பல்கள் அங்கே கட்டப்பட்டன. கடல் பின்வாங்கிப் பல மைல் தூரம் போய்விட்டது. இப்போது ஆடுகளும் திராட்சையும். தோட்டத்தின் விளிம்பில் இறங்கியதும் அம்மா கேட்டாள்: "பந்தல் எங்கடா?"

பந்தல் இல்லை. இடுப்புயரத்துக்குக் கம்பிகள், அவற்றில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட குட்டைக் கொடிகள். எங்களைச் சுற்றிக்காட்டிய பெண்மணி பொறுமையானவர். அம்மாவின் கேள்விகளை நான் மொழிபெயர்க்க, அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். உங்கள் ஊரில் வெயிலிலிருந்து பழத்தைக் காப்பாற்றப் பந்தலின் நிழல் வேண்டும், எங்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் பழத்தின்மீது விழவைக்க வேண்டும், அதனால் இலைகளைச் சுவர்போல நேராக நிறுத்துகிறோம் என்றார். அம்மா தலையசைத்தாள். குளிர்காலத்தில் கவாத்து செய்து, ஒரு கொடிக்கு ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் விட்டு, மீதியை எல்லாம் வெட்டிவிட்டிருந்தார்கள். அம்மா குனிந்து வெட்டுவாயை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்ல கை. கண்ணு பிசகாம வெட்டியிருக்காக" என்றாள். நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்தது.

சாம்பல் நோய்க்கு என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டாள். கந்தகம் என்றார். "எங்க ஊருலயும் அதான்." வரிசைகளுக்கு நடுவே இருந்த தகர டப்பாக்களைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். மெழுகு நிரப்பிய பெரிய திரிவிளக்குகள். ஏப்ரலில் மொட்டு வெடித்த பிறகு பனி உறைந்தால் ஒரே இரவில் அந்த ஆண்டின் விளைச்சல் போய்விடும். 2017 ஏப்ரலில் தென் இங்கிலாந்துத் தோட்டங்கள் பலவற்றில் அப்படித்தான் ஆயிற்று. குளிர் இறங்கும் இரவுகளில் நடுநிசிக்கு மேல் எழுந்து வந்து நூற்றுக்கணக்கான விளக்குகளை ஏற்றுவார்கள். அம்மா டப்பாவின் அருகே நின்று அரைவிரல் நீளமிருந்த தளிரைப் பார்த்தாள். "பச்சப் புள்ளைக்குக் கணப்பு போடுற மாதிரி" என்றாள். பிறகு, "வெட்டுற ஆளுகளுக்கு என்ன கூலி?" என்று கேட்டாள்.

அறுவடை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும். வெளிநாடுகளிலிருந்து பருவ வேலைக்கு வருபவர்கள் பலர். சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமாவது மணிக்கணக்கில் தரவேண்டும். நான் அதை ரூபாயாக்கிச் சொன்னேன். அம்மா சிறிது தூரம் பேசாமல் நடந்தாள். "எனக்கு நாளுக்கு எட்டு ரூவா" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

சுவைக்கும் அறைக்கு வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக்கொண்டாள். நண்பர் பேக்கஸ் என்ற வெள்ளை ஒயினைச் சுழற்றினார், முகர்ந்தார், வாயில் வைத்து அளைந்தார், பிறகு அந்தப் பாத்திரத்தில் துப்பினார். அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "வெத்தலைக்குப் படிக்கம் வக்கிற மாதிரி வச்சிருக்காக. காசு குடுத்து வாங்கியா துப்புறாக?"

"ருசி பாக்க மட்டும்தாம்மா. போதை ஏறக் கூடாதுல்ல."

அவள் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத ஒங்கப்பாவுக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்கலாம்" என்றாள். அது கேலியா துக்கமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முன்னால் ஊற்றிவைத்த கோப்பை அப்படியே இருந்தது. ஓட்டுபவன் என்பது நல்ல காரணமாக அமைந்தது.

மறுநாள் நீராவி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு காலத்தில் ஹாப்ஸ் பறிக்க வந்த கூலிக் குடும்பங்கள் லண்டனிலிருந்து இதே தடத்தில் போடியம்வரை போனார்கள் என்று சொன்னேன். ஹாப்ஸ் எதற்கு என்று கேட்டாள். பீர் காய்ச்ச என்றேன். "அதுவுமா?" என்று சிரித்துவிட்டாள். அந்தப் பயணத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. இது எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டிய உள்ள கொண்டாந்து வையி."

"வேணாம்மா, அங்கயே இருக்கட்டும்."

"எண்ணுறதுக்கு அங்கிட்டு வரைக்கும் நடக்க வேண்டியிருக்கு. கராசு குளுருது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். எட்டு புட்டிகள். அம்மா ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பியபோது ஆறு இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசும்போது, எல்லாம் பேசி முடித்த பிறகு, "எத்தன இருக்கு?" என்று கேட்பாள். நான் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.